தானமா வர்ற கரண்ட் குட்டி யானையும் நம்ம தீர்மானப் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ஆடு, குழுக் கணக்கு, இதுதான் என் உலகம். மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரு முடிவு எடுக்கணும் என்பதால் வந்து நிற்கிறேன்.

சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஒரு பெரியவர், தன்னிடம் ரெண்டரை வருஷம் ஓடின கரண்ட் குட்டி யானை வண்டியை நம்ம கூட்டமைப்புக்குத் தானமாகக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலண்டர் கட்டு ஏத்தின வண்டி. போன மாதக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தபோது பாதிப் பேர் கை தட்டினோம், பாதிப் பேர் பயந்தோம். "சும்மா வர்றதை ஏன் விடணும்" என்று ஒரு பக்கம். "யானையைக் கட்டித் தீனி போட நம்மால முடியுமா" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் நான் நாலு இடத்தில் விசாரித்து, எழுதி வைத்ததை உங்க முன்னால் சொல்றேன்.

முதலில் ஒன்று. தானம் வாங்குவது நம்ம பகுதிக்குக் கேவலம் இல்லை. நம்ம விருதுநகரில் வியாபாரிகள் எல்லாரும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பொதுக் காரியம் செய்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியிலும் மகமையிலும் நடந்த பள்ளிக்கூடத்தில்தான் காமராசர் ஐயா படித்தார். நம்ம குழுச் சேமிப்பும் அந்தப் பிடி அரிசி மாதிரிதானே! ஆனால் மகமைக்கு ஒரு முறை இருந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்குச் செலவு என்று கணக்கு இருந்தது. அதனால்தான் அது தலைமுறை தாண்டி நின்றது. தானம் வாங்கினாலும் நமக்கு அந்த மாதிரி கணக்கும் முறையும் வேண்டும்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று பழமொழி சொல்வார்கள். மாட்டுக்கு அது சரி. பல்லு போன மாடு என்றால் ஒரு கட்டுப் புல்லோடு போகும். பழைய கரண்ட் வண்டிக்குப் பல்லு என்பது பேட்டரி. அதைப் பார்க்காமல் வாங்கினால் நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த சேமிப்பு அத்தனையும் போய்விடும். ஏனென்றால் அந்த வண்டியில் அதிக விலை உள்ள சாமானே பேட்டரிதான். புதுசு போடணும் என்றால் லட்சக்கணக்கில் ஆகும்.

டாடா ஏஸ் என்ற சின்ன வண்டி 2005-ல் வந்தது. நம்ம ஊரில் எல்லாரும் அதைக் குட்டி யானை என்கிறோம். அதே வண்டியைக் கரண்டில் ஓடும் மாதிரி 2022 மே மாதம் அறிவித்தார்கள். அந்த முதல் மாடலுக்கு 21.3 யூனிட் பிடிக்கும் பேட்டரி, 600 கிலோ சரக்கு ஏற்றலாம், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 154 கிலோமீட்டர் என்று கம்பெனிக் கணக்கு. கம்பெனிக் கணக்கு என்பது சோதனைச் சாலைக் கணக்கு. நம்ம சித்திரை வெயிலில், சரக்கோடு, மேடு பள்ளத்தில் போனால் அவ்வளவு வராது. சிவகாசியில் இருந்து மதுரை போய் வர 140 கிலோமீட்டர் கிட்ட ஆகும். புது வண்டிக்கே அது இழுபறி. பழைய வண்டிக்கு நடுவில் சார்ஜ் போட இடம் பார்க்காமல் மதுரைக்குக் கிளம்பக் கூடாது. விருதுநகர், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நம்ம மாவட்டத்துக்குள் போய் வருவதற்குத் தான் இது ஏற்ற வண்டி.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது நாலு பேராகப் போவோம். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து "நல்லா போகுது" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. முந்தின ராத்திரி முழுசாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லணும். 25 கிலோ அரிசிச் சிப்பம் 20 ஏற்றணும், 500 கிலோ ஆச்சு. மீட்டரைக் குறித்துக்கொண்டு, சார்ஜ் 20 சதவீதத்துக்கு வரும் வரை ஓட்டணும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நம்ம நோட்டில் எழுதணும். அது தவிர, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சதவீதம் போட்டுத் தருவார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கணும். பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருஷம் பாக்கி, பேர் மாறினால் அந்த வாரண்டி நமக்கு வருமா என்பதையும் எழுத்தில் கேட்கணும். கொடுப்பவர் நல்ல மனுசர். இதைக் கேட்டால் கோவிச்சுக்க மாட்டார். நம்மை விவரமானவர்கள் என்றுதான் நினைப்பார்.

அடுத்தது பேப்பர். சாவியைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துவிட்டால் வண்டி நம்முடையது ஆகிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் அவர்தான் பதில் சொல்லணும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பேர் மாற்றாமல் ஓட்டினால் தானம் கொடுத்தவர் கோர்ட்டு வாசலில் நிற்பார். நல்லது செய்தவருக்கு நாம் அந்தக் கைம்மாறு செய்யலாமா?

அதனால் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் பேங்கில் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து, கடன் பதிவை நீக்கணும். கொடுத்தவர் 14 நாளைக்குள்ளும், வாங்கின நாம் 30 நாளைக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கணும். இன்சூரன்சையும் 14 நாளைக்குள் நம்ம பேருக்கு மாற்றக் கேட்கணும். நம்ம கூட்டமைப்பு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தது. ஆகையால் வண்டி கூட்டமைப்பு பேரில்தான் இருக்கணும். தலைவி அக்கா பேரில் வேண்டாம், ஓட்டப் போகிற தங்கச்சி பேரிலும் வேண்டாம். நிர்வாகிகள் மாறுவார்கள், பொதுச் சொத்து மாறக் கூடாது. பேங்க் கணக்குக்கு ரெண்டு கையெழுத்து வைத்திருக்கிற மாதிரிதான் இதுவும்.

கரண்ட் வண்டியில் நமக்குச் சில சௌகரியம் இருக்கு. புகைச் சான்றிதழ் கிடையாது. 2018-ல் மத்திய அரசு போட்ட ஆணைப்படி சரக்கு ஏற்ற பர்மிட்டும் வேண்டாம். ஆனால் எஃப்.சி. உண்டு. முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். இன்சூரன்ஸ் கட்டாயம். ஓட்டுகிறவருக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் போதும். தனியாகக் கனரக லைசென்ஸ் தேவையில்லை. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம உறுப்பினர்களே ஓட்டலாம்! கியர் போட வேண்டியதில்லை. ஸ்கூட்டி ஓட்டுகிற தங்கச்சிகள் நம்மில் எத்தனை பேர்! 2017-ல் மத்திய அரசு ஆஜீவிகா கிராமீன் எக்ஸ்பிரஸ் என்று ஒரு திட்டம் தொடங்கி, சுய உதவிக் குழு உறுப்பினர்களே வண்டி வைத்து ஊருக்குள் ஓட்ட வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். மற்ற இடத்துப் பெண்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தானம் கொடுப்பவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் வரி. "உங்களுக்குக் கொடுத்தா வருமான வரியில் கழிவு கிடைக்குமா" என்று அவருடைய கணக்குப்பிள்ளை கேட்டார். தெரியாமல் தலையாட்டி விடக் கூடாது என்று ஆடிட்டர் ஆபீசில் கேட்டு வந்தேன். நன்கொடைக் கழிவு என்பது பணமாகக் கொடுத்தால்தான். அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கூடாது, செக் அல்லது பேங்க் வழியாக. வாங்குகிற அறக்கட்டளை அந்தக் கழிவுக்கான பதிவு வைத்திருக்கணும். கொடுப்பவர் பழைய வரி முறையில் இருக்கணும். வண்டி, துணி, அரிசி என்று பொருளாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. வரிக் கழிவுதான் அவருக்கு முக்கியம் என்றால், வண்டியை விற்று அந்தப் பணத்தை அந்தப் பதிவு உள்ள முதியோர் இல்லத்துக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ செக்காகக் கொடுப்பது அவருக்கு நல்லது. நமக்கு வண்டி வராமல் போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிடுவோம்.

இப்போது செலவுக் கணக்கு. ஒரு தடவை முழுசாக ஏற்ற, வீணாகிறதையும் சேர்த்து 24 யூனிட் என்று வையுங்கள். யூனிட் 8 ரூபாய் என்றால் 192 ரூபாய். சரக்கோடு 100 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய்க்குள் முடிகிறது. டீசல் குட்டி யானை லிட்டருக்கு 18 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று போட்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் வரும். வித்தியாசம் 3 ரூபாய். இதைப் பார்த்ததும் "3 ரூபாய் லாபம்" என்று தோணும். அது லாபம் இல்லை மதினி. அது பேட்டரிக்குச் சேர்க்க வேண்டிய காசு. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 3,000 ரூபாய். வருஷம் 36,000. அஞ்சு வருஷத்தில் 1,80,000. அதைத் தனிக் கணக்கில் போட்டு, யார் கேட்டாலும் உள்கடனுக்குக் கூட எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடணும். அப்படிச் செய்தால்தான் பேட்டரி கண்ணை மூடுகிற அன்றைக்கு நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டோம்.

சார்ஜ் போடுவது யாருடைய வீட்டிலும் வேண்டாம். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற இலவச யூனிட் என்பது குடும்பத்துக்கு. வாடகைக்கு ஓடுகிற வண்டியை அதில் போட்டால் அந்த வீட்டு பில்லும் ஏறும், மின்வாரியத்திலும் கேள்வி வரும். கூட்டமைப்புக் கட்டடத்தில் மின்வாரியத்தில் கேட்டுத் தனி இணைப்பு, நல்ல எர்த், தனி பிளக் போடுவோம். வெயில் படாமல் கூரை வேண்டும். சூடு பேட்டரிக்கு ஆகாது.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் மேடை ஏறினதுக்கே காரணம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

நம்ம ஊரில் ஒரு சரக்கு வண்டி கைக்கு வந்தால், கேட்டு வரும் முதல் வாடகை எது என்று உங்களுக்கே தெரியும். குழாய்க் கட்டு, அட்டைப்பெட்டி, அதெல்லாம் சரி. அப்புறம் ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில், "ரெண்டு மூட்டைதான், பக்கத்து ஊருக்குத்தான், வாடகை டபுளாத் தர்றோம்" என்று ஒருத்தர் வருவார். மூட்டையில் கருந்திரி இருக்கலாம், மணி மருந்து இருக்கலாம், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் செய்த வெடி இருக்கலாம். வெடிபொருளை அதற்கென்று உரிமம் உள்ள வேனில்தான் கொண்டுபோகணும் என்பது சட்டம். நம்ம வண்டி அந்த வேன் கிடையாது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேலே உயிர். உதவி செய்ய ஓடின ஊர்க்காரர்களும் அதில் போனார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20-க்கும் மேலே. இதெல்லாம் நமக்குப் பேப்பர்ச் செய்தி இல்லை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் வீட்டில் ஒருத்தரை வெடிக்குக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர்? எங்க வீட்டிலும் உண்டு. பட்டாசு நம்ம சோறு. அதை நான் குறை சொல்ல வரவில்லை. முறையாக நடக்கிற ஆலை நடக்கட்டும். ஆனால் பெண்கள் சேர்ந்து நடத்துகிற வண்டியில் ஒரு கைப்பிடி மருந்து கூட ஏறக் கூடாது. ஏறினால் ஓட்டுகிற தங்கச்சி மட்டும் போக மாட்டாள். கூட்டமைப்பு பேரில் வண்டி என்பதால் கையெழுத்துப் போட்ட எல்லாரும் ஸ்டேஷனில் நிற்கணும். இருக்கிற பேங்க் கடன் இணைப்பும் கெட்டுப்போகும்.

அதே போல சார்ஜ் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் குழாய் சுற்றுகிற காகிதம், திரி, தீப்பெட்டிக் குச்சி எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரி அடிபட்டாலோ, உப்பினாலோ, புகைந்தாலோ யாரும் கிட்டப் போய்ப் பிரிக்கக் கூடாது. இந்த வகைப் பேட்டரியில் நெருப்பு அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். ஆளை விலக்கிவிட்டு 101-க்கோ 112-க்கோ போன் அடிக்கணும்.

இன்னொரு ஆசையும் வரும். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு எல்லாரும் பின்னால் ஏறிப் போகலாம், நூறு நாள் வேலைக்கு ஏற்றிவிடலாம் என்று. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால், கவிழ்ந்தால், இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். ஆத்தா கோயிலுக்குப் பஸ்ஸில் போவோம். வண்டி சரக்குக்கு மட்டும்.

அப்படியானால் எதற்கு ஓட்டலாம்? நிறைய இருக்கு. நம்ம குழுக்கள் செய்கிற சேவு, ஊறுகாய், நைட்டி, பினாயில் எல்லாவற்றையும் இப்போது ஒவ்வொருத்தியும் தனித்தனியாக ஆட்டோ பிடித்து மதி கடைக்கும் கண்காட்சிக்கும் கொண்டுபோகிறோம். ஒரே நாளில் ஒரே வண்டியில் போனால் வாடகை பாதியாகும். மளிகையை மொத்தமாக விருதுநகர் மார்க்கெட்டில் எடுத்துக் குழுக்களுக்குப் பிரிக்கலாம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் நம்ம குழுப் பெண்கள்தான் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறோம். சமையல் சாமான் கொண்டுபோகும் வாடகை வேலை கிடைக்குமா என்று அலுவலர்களிடம் கேட்கலாம். காய்கறி விதைக்கிற உறுப்பினர்களுக்கு உழவர் சந்தைக்கு விடிகாலை ஒரு நடை அடிக்கலாம். மீதி நேரம் வெளி வாடகை.

சோதனையில் பேட்டரி சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லலாம். இல்லை, குறைந்த தூரம் ஓடுகிற வேலைக்கு அதைக் கொடுக்கச் சொல்லலாம். கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர் அக்காமார் இப்போதே பேட்டரி வண்டியில் தெருத் தெருவாகக் குப்பை எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு நாளைக்கு 20, 30 கிலோமீட்டர் போதும். நமக்கு ஆகாத வண்டி அவர்களுக்கு ஆகலாம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றார்கள். கொடுப்பவருக்கு எந்தப் பாத்திரம் என்று காட்டிவிடுவதும் ஒரு உதவிதான்.

கடைசியில் ஒரு நாள் பேட்டரி முழுசாகச் செத்துப்போகும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இந்தக் குட்டி யானைக்கும் பொருந்தும். உள்ளே இருக்கிற உலோகத்துக்கு விலை உண்டு. ஆனால் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டு, அவர் சுத்தியலால் உடைத்தால் அது வெடிக்குச் சமம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி, செய்து விற்ற கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வழி பண்ணியிருக்கணும். அவர்களிடமோ, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடமோ கொடுத்து ரசீது வாங்கணும்.

ஆகவே இன்றைக்கு நான் கேட்பது இதுதான். "வண்டியை ஏற்கிறோம்" என்று இன்றைக்கே தீர்மானம் வேண்டாம். "வண்டியைச் சோதித்துப் பார்க்க நாலு பேரை அனுப்புகிறோம்" என்று முதல் தீர்மானம். அதில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருத்தி, கணக்கு எழுதும் ஒருத்தி, வண்டி வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருத்தி, வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒருத்தி இருக்கட்டும். சோதனை சரியாக வந்தால் ரெண்டாவது தீர்மானம், கூட்டமைப்பு பேரில் ஆர்.சி. மாற்றுவது, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தனிக் கணக்கில் போடுவது. மூன்றாவது தீர்மானத்தை இப்போதே எழுதலாம், வண்டி வந்தாலும் வராவிட்டாலும். "கூட்டமைப்பு பேரில் உள்ள எந்த வண்டியிலும் வெடிமருந்தும், திரியும், ஆளும் ஏற்றுவதில்லை." இதை வண்டிக் கதவில் பெயிண்டால் எழுதணும். ராத்திரி வாடகைக்கு வருகிறவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். ஓட்டுகிற தங்கச்சிக்குத் தனியாக நின்று "முடியாது" என்று சொல்லும் கஷ்டம் இருக்காது. அவளுக்காக அந்தக் கதவு பேசும், நாம் எல்லாரும் போட்ட கையெழுத்து பேசும்.

பேசும்போது தப்பா எதுவும் வந்திருந்தா பொறுத்துக்கோங்க. கேள்வி இருந்தால் இப்பவே கேளுங்க, எழுதி வைத்த நோட்டு கையில்தான் இருக்கு.